ஆறு வாரம் என்று எழுதிய கடிதம்

இரண்டாயிரத்து ஒன்று பிறந்து சீக்கிரமே மார்க்கெட்டில் மந்தம் வந்தது. பெங்களூர் பக்கம் ஹெப்பகோடியில் நான் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி, மோடம் போர்டு செய்யும் லைனை நிறுத்தியது. சிப் சப்ளையருக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களையெல்லாம் ஒரே நாளில் ரத்து செய்து கடிதம் எழுதியவன் நான்தான். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் பல்லை இளித்தேன், வெட்கங்கெட்டவன்.

சால்டரிங் செய்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் தர்மபுரிக்காரப் பெண் ஒருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அலைந்து திரிந்து ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்துகொண்டாள்.

ஒன்றரை வருடத்தில் மார்க்கெட் எழுந்தது. "பழைய ஆளுங்களையே கூப்பிடுங்க, நல்ல கை வேணும்" என்றார் முதலாளி. சிப் கேட்டு எழுதினேன். ஆறு வாரத்தில் தருவதாகச் சப்ளையரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் காகிதத்தை நம்பி அவள் வீட்டுக்கே போய், "தைரியமா வாம்மா, இனிமே லைன் நிக்காது" என்றேன். தையல் வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

ஆறு வாரம் போயிற்று. சிப் வரவில்லை. எல்லாக் கம்பெனியும் ஒரே சமயத்தில் கேட்டால் எங்கிருந்து வரும்? மந்தத்திலும் விடாமல் வாங்கியவர்களுக்குத்தான் முதலில். ரத்து செய்த எங்களுக்குக் கடைசி இடம். சப்ளையரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்றான் அந்தப் புண்ணியவான். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளணுமாம்! எதைய்யா அட்ஜஸ்ட் செய்வது? விரல் நகமளவு சிப் இல்லாமல் போர்டுகள் அரைகுறையாகக் கிடந்தன. பெண்கள் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் ஆட்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்பது கம்பெனி வழக்கம். திரும்பி வந்தவர்களைப் புது ஆட்கள் என்று எழுதிவைத்திருந்தார்கள். அவள் முன்பு உழைத்த ஏழு வருடம் எங்கே போனதென்று கேட்டேன். அட பாவிகளா! முதலில் போனவள் அவள்தான். கார்மென்ட்ஸில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் சிப் வந்தது. அவளைக் கூப்பிட மறுபடியும் என்னையே அனுப்பினார்கள். எந்த முகத்தோடு போவது? போனேன். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"இப்ப எத்தினி நாளைக்கு சார் சரக்கு இருக்குது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பத்து நாளைக்கும்மா."

நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"பத்து நாளுன்னாலும் வேலைதானே சார்" என்றாள். "எப்ப வரணும்?"