பி.பி. நம்பர் எழுதிய கட்டம்

பென்னலூர் கூட்டுரோட்டில் சிம் கார்டு கடை வைத்திருந்த காலத்தில், என்னைப் போல யோக்கியன் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடை போடுகிற சரக்கில்லை, கலப்படத்துக்கு வழியில்லை. ஒரு போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் வியாபாரம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்கள். படிவத்தில் 'வேறு தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டாலும் சிம் கிடைக்கும். ஆனால் அவர்கள் விடமாட்டார்கள். ஊரில் பக்கத்து வீட்டு போன் நம்பரை 'பி.பி.' என்று போட்டு அழகாக எழுதுவார்கள். அந்த வீட்டுக்காரர் எடுத்து, இவர்கள் வீட்டாரைப் போய்க் கூப்பிட்டு வருவார். தங்களுக்கும் ஆள் இருக்கிறது என்று காட்டுகிற பெருமை அந்தக் கையெழுத்தில் தெரியும்.

ஒருநாள் குன்றத்தூர்ப் பக்கம் திருமணத் தகவல் மையம் நடத்துவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். நெற்றி நிறைய விபூதி. "வயசுப் பொண்ணுங்க ஃபாரமா குடு தலைவா. ஜெராக்ஸ் எட்த்துகினு திருப்பித் தந்துடறேன். உனுக்கும் புண்ணியம்" என்றார். கையோடு ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்திருந்தார், மணிக்கொரு தரம் குயில் கூவுகிற வகை. என் கடையில் கடிகாரம் இல்லை. அந்த வாரத்துப் படிவக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு கடிகாரத்தை மாட்ட ஆணி தேடினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் நிற்கும் பெண்ணொருத்தி வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். கண் வீங்கியிருந்தது. பின்னால் அவளுடைய அப்பா, தோளில் அவள் துணிப்பை. வேலையை விடச் சொல்லி ஊருக்குக் கூட்டிப்போகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இந்த நம்பரை நிப்பாட்டணும் தம்பி" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. தகவல் மையத்திலிருந்து பி.பி. நம்பருக்குப் பேசி, அவருடைய பெண் அங்கே பதிந்திருப்பதாகவும் வரன் தயாராக இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தது பக்கத்து வீட்டம்மா. அவர் இவரிடம் சொல்வதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

"நான் எங்கயும் பதியலப்பா. சத்தியமாச் சொல்லுதேன்" என்றாள்.

"பெறவு எப்படி அந்த வீட்டு நம்பரு அவனுக்குத் தெரியும்?"

என் வாய் முந்திக்கொண்டது. "சிம் கம்பெனிக்காரன் வித்துருப்பான் சார். இப்பல்லாம் அப்டித்தான் பண்றானுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, அந்த நம்பரை உங்க கடை ஃபாரத்துல மட்டுந்தான எழுதுனேன்."

மணி பார்ப்பதுபோல் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அந்தத் துணிப்பையைப் பார்த்தேன். வெட்கத்தில் காது சுட்டது. "பொண்ணு மேல தப்பில்ல சார். நான்தான் குட்த்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்தார். "அந்த நம்பருக்குப் போடு. அந்தம்மாகிட்ட இதையே சொல்லு."

சொன்னேன். அந்தம்மா இரண்டு முறை சொல்லவைத்தார். தெருவுக்குச் சொல்லும்போது பிசகக் கூடாதல்லவா. அப்பா அன்றைக்கே தனியாக பஸ் ஏறினார். மகளிடம் என்ன சொன்னாரோ தெரியாது, அவள் மறுநாள் ஷிப்டுக்குப் போனாள்.

கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். அங்கேயிருந்தும் கூவியது. தகவல் மையத்துக்குப் போய்ச் சண்டை போட்டதில் படிவக் கட்டு திரும்பி வந்தது; ஜெராக்ஸ் வரவில்லை. அந்தக் கட்டில் வேறு பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திகூடக் கடைக்கு வந்து கேட்கவில்லை. யார் யார் பை தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்களோ, அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

சில மாதம் கழித்து, லைனில் புதிதாகச் சேர்ந்த தோழியை அழைத்துக்கொண்டு அவள் திரும்பவும் வந்தாள். மன்னித்துவிட்டாள் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். இருவருக்கும் ஸ்டூல் போட்டேன், என் பேனாவையே கொடுத்தேன். புதியவள் எழுதிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"அண்ணன் நல்லவருதான்" என்றாள் இவள், நான் கேட்கும்படியாகவே. "ஆனா அதுல மட்டும் ஒண்ணும் எழுதாத."