சிரிப்பு அடங்குவதற்குள் வரும் கேள்வி

டிவியில் யாராவது குசு, வயிற்றுப்போக்கு என்று எதையாவது சொல்லி நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, அப்பா நான் மட்டும் ஏன் உம்மென்று பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் இவன் நம்மை எதற்காகச் சிரிக்க வைக்கிறான் என்று ஒரு சந்தேகமும் கூடவே வந்துவிடும். அது ஓசூரில் பிடித்த பழக்கம்.

வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் இருந்தேன். காலை ஷிப்ட் தொடங்கும் முன் எங்களை வரிசையாக நிற்க வைத்து சூப்பர்வைசர் ஐந்து நிமிடம் பேசுவார். சில நாள் ஏதாவது அசிங்கக் கதையும் சொல்வார். அந்த வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் உண்டு. வேறு ஜோக் என்றால் பாதிப் பேர் பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்பார்கள். வயிற்றுச் சமாச்சாரத்துக்கு மட்டும் யாரும் கேட்டதில்லை. வாயால் ஒரு சத்தம் போதும். ஆனேக்கல் பக்கமிருந்து வந்த என் பக்கத்து மெஷின்காரருக்குத் தமிழ் அரைகுறை. அவர்தான் முதலில் சிரிப்பார். வயிறு எல்லாருக்கும் ஒன்றுதானே. சூப்பர்வைசரும் அந்த நேரத்தில் நம்மில் ஒருவர் மாதிரி ஆகிவிடுவார்.

சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன், கதை பெரும்பாலும் சனிக்கிழமைதான் வருகிறது. சிரிப்பு அடங்குவதற்குள், "சரி, ஞாயித்துக்கெழம வேலைக்கு யாரு யாரு வர்றீங்க? கையத் தூக்குங்கப்பா" என்பார். அப்போதுதான் சேர்ந்து சிரித்திருப்போம். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு முடியாது என்று சொல்ல வாய் வராது.

உங்களில் மூத்தவள் அரூரில் உங்கள் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. முந்தைய ஞாயிறு இப்படிக் கை தூக்கியே போயிருந்தது. இந்தச் சனிக்கிழமை சிரிக்கவே கூடாது என்று சுவரிலிருந்த பாதுகாப்பு போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் ஆரம்பித்தார்:

"கிருஷ்ணகிரியில ஏழு மாம்பழம் தின்னுட்டு பஸ் ஏறிட்டேன்பா. சூளகிரி வரல, வயித்துக்குள்ள லாரி ஓடுது. நிறுத்துய்யான்னா கண்டக்டரு, 'இங்க ஸ்டாப்பிங் இல்ல சார்'ங்கறான். 'நீ நிறுத்தலன்னா உன் சீட்டுதான்டா ஸ்டாப்பிங்'னேன்!"

சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் என் கை மேலே இருக்கிறது.

டீ நேரத்தில் அவரிடம் போனேன். "சார், எம்பேர எடுத்துருங்க. புள்ளய இன்னும் பாக்கல சார்."

"காலையில அப்பிடி சிரிச்சியேப்பா?"

"சிரிப்பு வந்துது, சிரிச்சேன் சார்."

பட்டியலில் என் பேரை அடித்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வா" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அரூரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மாம்பழக் கதையை உங்கள் அம்மாவிடம் சொன்னேன், நடித்தே காட்டினேன். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையை விட்டுப் போக எனக்கு மனசில்லை. ஐந்து மாதம் கழித்து இருவரையும் ஓசூருக்கு அனுப்புவதாகப் பெரியவர்கள் பேசியிருந்தார்கள். நான் அந்த நேரம் பார்த்து, "மூணாம் மாசமே ஓசூருக்கு வந்துர்றியா?" என்றேன்.

இதற்காகத்தான் கதையைச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

"ஓ, இதுக்குத்தானா இவ்ளோ நேரம் சிரிக்க வெச்சீங்க?" என்றாள். "அஞ்சு மாசம்னா அஞ்சு மாசந்தான்."

அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பை நிறுத்தாமலே முடியாது என்று சொல்லலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.