குனிய வைத்த பாட்டு

உடும்பஞ்சோலைப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றித் திரியும் மாரீஸ்வரனை, கொச்சிக் கல்லூரிப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பொறக்கு சேட்டா' என்பார்கள். 'பொறக்கு' அவன் பாடும் இசைக்குழுவின் ஹார்டு ராக் பாட்டு. பாதிப் பேருக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது. தெரிந்தால் மட்டும் ஆடாமல் இருக்கப் போகிறார்களா?

அர்த்தம் அவனுக்குத் தெரியும். அவன் ஏழாவது படிக்கும்போது, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா மூக்கம்மாளின் சாக்கை சூப்பர்வைசர் காலால் தள்ளிக் கவிழ்த்தான். முற்றல் இலை கலந்திருக்கிறதாம். "பொறக்கு! ஒண்ணு விடாமப் பொறக்கு!" என்று கத்தினான். அம்மா மண்டிபோட்டுப் பொறுக்கினாள். பள்ளிவிட்டு வந்த மாரீஸ்வரன் கூட்டாளிகளோடு எட்டி நின்றான். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு லயத்து வீட்டுக்கு நடந்தான். அம்மா தன்னைக் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தான்.

அன்றைய கோபத்தில் பிறந்த பாட்டு என்று மேடைக்கு மேடை சொல்வான். வெட்கம் என்று சொல்ல வாய் வருமா? டிரம்மர் ரிஜின் வீட்டு ரப்பர் கொட்டகையில் வாரக்கணக்காக அடித்துப் பார்த்து, கிடார் அலறி ஓயும் இடத்தில் அந்த ஒற்றைச் சொல்லை வைத்தார்கள். முதல் நிகழ்ச்சியில் கூட்டம் மரமாக நின்றது. மாரீஸ்வரனே குனிந்து தரையில் பொறுக்குவதுபோல் அள்ளிக் காட்டினான். அப்புறம் போகும் இடமெல்லாம் பிள்ளைகள் குனிந்து அள்ளுகிறார்கள், டிரம் இடித்ததும் துள்ளுகிறார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த மகராசன் இவன்தான்.

போன சித்திரையில் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு அவன் குழுவைக் கூப்பிட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் மூக்கம்மாள். அந்தப் பாட்டு அவள் காதில் விழாமல் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு அது வேண்டாம் என்று ரிஜினிடமும் சொல்லிவைத்திருந்தான். கூட்டம் விடவில்லை. "பொறக்கு! பொறக்கு!" என்று அவர்களே தொடங்க, ரிஜினின் கை சும்மா இருக்குமா, அடித்துவிட்டான். கைதட்டல் கேட்டதும் மாரீஸ்வரனும் எல்லாம் மறந்து குனிந்து பாடினான்.

கூட்டம் மொத்தமும் குனிந்தது. அம்மா சுற்றிலும் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலிக்கிற முட்டியோடு அவளும் குனிந்து மண்ணைத் தொட்டாள். மாரீஸ்வரன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டான். மிச்சப் பாட்டைக் கூட்டமே பாடி முடித்தது.

மேடையிலிருந்து இறங்கி ஓடினான். "நீ எதுக்கும்மா குனிஞ்ச?"

"ஊரே குனியுது. நான் மட்டும் உக்காந்திருந்தா உனக்குத்தானய்யா கேவலம்?" கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம்தான். "அன்னைக்கு நீ எட்டவே நின்னுட்டுப் போயிட்ட. இன்னைக்கு நீயும் குனிஞ்சய்யா, பாத்தேன்."