பசிபிக் எந்தப் பக்கம் என்று கேட்டவர்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காலை ஏழரை மணிக்கு, எங்கள் பள்ளி ஊழியர் குழுவில், இந்தியில் ஒரே வரி: "பரமேஸ்வரி மேடம் நஹி ரஹீ." மேடம் இனி இல்லை என்று பொருள். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. நான் நம்பவில்லை. குழுவில் வரும் எதையும் போன் போட்டுக் கேட்காமல் நம்பாதே என்று பதினாறு வருடமாக என் காதில் ஓதியவரே அவர்தான். அதனால் வேறு யாரையும் கேட்காமல் அவருடைய எண்ணுக்கே அடித்தேன். "அக்கா, எவனோ உங்களைப் பத்தி கண்டதையும் போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். எடுத்தது அவருடைய மகன் ரவி.

"நெசந்தான் சித்தி" என்றான். "விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாங்க."

அதற்குப் பிறகும் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பரமேஸ்வரி அக்கா போர்ட் பிளேரில் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமை எழுத்தர். நான் அவருக்குக் கீழே கிளார்க். குள்ளமான உருவம், கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல். எந்தக் காகிதம் வந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த ஸ்கேலை வைத்துத்தான் படிப்பார். ஆசிரியர்கள் அவருக்கு சி.பி.ஐ. என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். யார் வைத்தது என்பதும் தெரியும்.

நான் வேலையில் சேர வந்த அன்று பணி ஆணையை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை நிற்கவைத்துக்கொண்டே கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார். "தேவின்னு ஒரு பொண்ணு வந்து நிக்கிது. நீங்கதான் அனுப்பினீங்களா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போனை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "தப்பா நெனைக்காத. ஒம்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. காகிதத்து மேலதான்."

அந்தச் சந்தேகம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆயிற்று. ஒரு மழைநாள், கரண்ட் இல்லை, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருடைய குடும்பம் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று கேட்கும் படிவங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் யாரோ ஒரு கணக்கப்பிள்ளைதான் நிரப்பிக் கொடுத்தாராம். அப்பாவுக்கு இந்தியா. அடுத்த லயத்தில், பக்கத்து வரிசை வீட்டில், இருந்த பெரியப்பாவுக்கு இலங்கை. அப்பா கைநாட்டு வைத்தார். கப்பல் ஏறினார்கள். கடைசியில் நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கினார்கள்.

"ஒரே ஒரு கட்டம்தான் தேவி. அதுல எவனோ ஒருத்தன் கோடு போட்டான். எங்க பெரியப்பாவ அப்புறம் நாங்க பாக்கவே இல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சுனாமிக்குப் பிறகு அவர் கட்சாலை விட்டு இங்கே மாற்றலாகி வந்ததைப் பற்றி அவராகப் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

இத்தனையும் தெரிந்தவள் நான். தெரிந்துமா அப்படிப் பேசினேன் என்று கேட்டால், ஆமாம், தெரிந்துதான் பேசினேன்.

விஷயம் என் மகள் நிவேதாவுடையது. பன்னிரண்டாம் வகுப்பு, எங்கள் பள்ளியிலேயேதான் படித்தாள். அமெரிக்காவில் சில கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் முழுச் செலவையும் தாங்களே ஏற்கும் என்று அவளே போனில் தேடிக் கண்டுபிடித்தாள். நான்கு வருட மதிப்பெண்ணையும், மாணவியைப் பற்றி ஒரு கடிதத்தையும் பள்ளியே நேரடியாக அனுப்ப வேண்டும். மாணவர் ஆலோசகர் அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் பள்ளியில் ஆலோசகருக்கு எங்கே போவது? பிரின்சிபல் சார், "பரமேஸ்வரிஜி, ஆப் தேக் லீஜியே", நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கா தலையில் கட்டிவிட்டார். பள்ளியின் ஈமெயில் கடவுச்சொல்லும் அக்காவிடம்தான் இருந்தது.

அமெரிக்காவிலிருந்து அக்காவுக்கு மெயில் வந்தது: இந்த இணைப்பை அழுத்துங்கள். அக்கா அழுத்தவில்லை. பதினோரு நாள் அப்படியே கிடந்தது. கேட்டால், "அழுத்து அழுத்துன்னு சொல்றவன் எவனும் நல்லவனா இருந்து நான் பாத்ததில்ல" என்றார். "ஃப்ரீயாப் படிக்க வைக்கிறானாம். எதுக்கு? நம்ம புள்ள அவனுக்கு என்ன உறவு?" நிவேதா வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே தேதிதான். தவறினால் ஒரு வருடம் போயிற்று.

ஒருவழியாக அக்கா இறங்கி வந்தார். ஒரே நிபந்தனை: பள்ளி முத்திரை போகும் முன் நிவேதா அனுப்பிய விண்ணப்பத்தை முழுக்க அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும். அபர்டீன் பஜாரில் எடுத்து வந்தாள். அக்கா ஸ்கேலை வைத்தார். முதல் பக்கத்திலேயே, மார்க் ஷீட்டில் போர்ட் பிளேர், முகவரியில் ஊரின் புதுப்பெயரான ஸ்ரீ விஜய புரம், அமெரிக்காக்காரன் இரண்டு ஊர் என்று நினைத்துக்கொள்வான் என்று ஒரு குறிப்பு எழுதினார். மூன்றாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றுவிட்டது.

இனத்தைக் கேட்கும் இடம். அதில் 'ஹவாய் பூர்வகுடி அல்லது பிற பசிபிக் ஐலாண்டர்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

அந்த டிக்கைப் போடச் சொன்னது நான். எங்கள் ஊரில் ஐலாண்டர் கார்டு என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தீவுக்காரர் என்று அரசு கொடுக்கும் அட்டை. கப்பல் டிக்கெட்டுக்கு அது வேண்டும், காலேஜ் சீட்டுக்கு அது வேண்டும், வேலைக்கு அது வேண்டும். அதை வாங்க என் அப்பா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஐலாண்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் என் கை பரபரத்தது. "அங்கயும் ஐலாண்டர் கோட்டா வெச்சிருக்கான்டி, போடு!" என்றேன். நிவேதா தயங்கினாள். "அம்மா, பசிபிக்னு போட்டிருக்கு." "கடல் கடல்தானேடி! நாம என்ன டெல்லியிலயா இருக்கோம்?"

அக்கா என்னைக் கூப்பிட்டார். வகுப்பறையில் தொங்கிய உலகப்படத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி மேசைமேல் விரித்தார். "தேவி, இங்க பாரு. வலது ஓரத்துலயும் பசிபிக்னு எழுதியிருக்கு, இடது ஓரத்துலயும் எழுதியிருக்கு. நாம நடுவுல இருக்கோம். ஒம் மக எந்தப் பக்கத்துப் பசிபிக்ல பொறந்தா?"

சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "நமக்குன்னு ஒரு கட்டம் இருக்கேன்னு போட்டேன்" என்றேன்.

"நமக்குன்னு எவனும் கட்டம் போட மாட்டான். போட்டிருந்தா அது நமக்கில்ல. மொதல்ல இதைத் திருத்தச் சொல்லு. அப்புறந்தான் நான் அனுப்புவேன்."

"அது போயிருச்சு அக்கா! இப்பப் போயி தப்புன்னு எழுதினா, பொய் சொல்லியிருக்கான்னு தூக்கிப் போட்ருவான்."

"எழுதலன்னா அது பொய்யாவே நின்னுரும்."

கடைசித் தேதிக்கு மூன்று நாள். நான் பிரின்சிபலிடம் ஓடினேன். அவர் வந்து, அனுப்பிவிடுங்கள் என்றார். அக்கா எழுந்து நின்று, "லிக்கே தீஜியே, சார்" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்கிறார். எழுத்து என்றதும் சார் வந்த வழியே போய்விட்டார்.

அப்போதுதான் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் சொன்னேன்: "ஒங்க மகன் கப்பல் துறையில மூட்டை தூக்குறான். எம் மக அமெரிக்கா போறா. ஒங்களுக்கு வயித்தெரிச்சல். அதான் இந்தக் கட்டம், பசிபிக் எல்லாம்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமா தேவி. வயிறு எரியுதுதான். ரவியும் நல்லாத்தான் படிச்சான். ஆனா அதுக்கும் இந்தக் கட்டத்துக்கும் சம்பந்தம் இல்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நிவேதா எனக்குத் தெரியாமல் அக்காவிடம் போயிருக்கிறாள். இருவரும் உட்கார்ந்து, டிக் தவறு, திருத்திக்கொள்ளுங்கள் என்று கல்லூரிகளுக்கு மூன்று வரி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அன்று மாலையே பள்ளியின் காகிதங்களையும் கடிதத்தையும் அக்கா அனுப்பிவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அது மூடின காகிதம், தேவி" என்றார். அவ்வளவுதான்.

அந்த மூடின காகிதம் என் தூக்கத்தைக் கெடுத்தது. எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியவளின் மகளைப் பற்றி ஒருவர் என்ன எழுதியிருப்பார்? நானாக இருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம். அவர் வணக்கம் சொன்னாலும் சந்தேகம், சொல்லாவிட்டாலும் சந்தேகம். ஒருநாள் அவர் பேங்குக்குப் போயிருந்தபோது அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து துழாவினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ரப்பர் ஸ்டாம்பும் தலைவலி மாத்திரையும்தான் இருந்தன. ஒவ்வொரு கல்லூரியாக இல்லை என்று பதில் வந்தபோதெல்லாம் அவர் முதுகைத்தான் முறைத்துப் பார்த்தேன்.

கடைசியாக ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது. முழுச் செலவும் அவர்களுடையது. லட்டு டப்பாவும் போனுமாக அக்கா முன்னால் போய் நின்றேன். வாழ்த்துவார் என்று பார்த்தால், "இது நெசமான லெட்டர்தானா?" என்றார். லெட்டரில் இருந்த எண்ணை நம்பாமல், வேறு இடத்தில் தேடி அந்தக் கல்லூரியின் எண்ணை எடுத்தார். அங்கே ஆபீஸ் திறக்க வேண்டுமே, எங்களையும் பிடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏழரை வரை உட்கார்ந்திருந்தார். நிவேதாவைப் பேசவைத்து, பிறகு தானே வாங்கி, அவருடைய ஆபீஸ் இங்கிலீஷில் திரும்பத் திரும்பக் கேட்டார். போனை வைத்துவிட்டு, "பேரு இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் லட்டை வாயில் போட்டார். கண் கலங்கியிருந்தது. வயிற்றெரிச்சலோ என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் நினைத்தேன். அப்படிப்பட்டவள் நான்.

விசாவுக்குச் சென்னை புறப்பட்ட அன்று நிவேதாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாத." அவள் போய்ச் சேர்ந்து, இப்போது முதல் வருடம் படிக்கிறாள். செய்தியைச் சொன்னதும், "பெரியம்மாவா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, "அம்மா, நல்லா விசாரிச்சியா?" என்றாள்.

போன வாரம் பிரின்சிபல் சார் அக்காவின் பொறுப்புகளை என்னிடம் கொடுத்தார். கடவுச்சொல்லும் வந்தது. கம்ப்யூட்டரில் நிவேதாவின் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. மூடின காகிதத்தை அக்கா ஒருநாளும் திறந்திருக்க மாட்டார். நான் திறந்தேன். படிக்காமலே சார் கையெழுத்துப் போட்டிருந்த அந்தக் கடிதம் அக்காவின் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மாணவியின் விண்ணப்பத்தில் ஒரு பிழை நேர்ந்தது, அதை அவரே திருத்திவிட்டார். பிழை மாணவியுடையது அன்று, அவருடைய தாயாருடையது. எங்கள் தீவுகளில் ஐலாண்டர் என்பது அரசு தரும் ஓர் அட்டையின் பெயர். அந்தச் சொல்லைக் கண்டால் இங்கே எந்தத் தாயும் கைவைக்கத்தான் செய்வாள். இந்தத் தாயார் என்னுடன் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். அவசரக்காரர், பொய்க்காரர் அல்லர். நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. இந்த இருவரையும் நம்புகிறேன்."

நான் கத்திவிட்டுப் போனதற்கு மறுநாள் எழுதியது. மூன்று மாதம் அவர் முதுகை நான் முறைத்துக்கொண்டிருந்தேனே, அதற்கெல்லாம் முன்னால் எழுதியது. திரையைப் பார்த்தபடி வாய்விட்டு அழுதேன். மன்னித்துவிடுங்கள் அக்கா. நேரில் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது, சொல்லவில்லை.

நேற்று அவருடைய பணிப்பதிவேட்டில் கடைசிப் பதிவை நான்தான் எழுத வேண்டியிருந்தது. பெயர், பதவி, தேதி, பணியில் இருக்கும்போதே மரணம். எங்கள் ஆபீஸில் எந்தப் பதிவானாலும் கீழே இரண்டு கையெழுத்து விழ வேண்டும். எழுதியவர் என்ற இடத்தில் போட்டுவிட்டேன். சரிபார்த்தவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. பதினாறு வருடம் நான் எழுதியது ஒன்றையாவது தப்பில்லாமல் விட்டீர்களா அக்கா? இதிலும் ஒரு தப்பைக் கண்டுபிடியுங்களேன்.