பாஸ்ஸு காட்டிய மலை

கல்லைத் தேடுவதில் பாஸ்ஸுவை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை என்பது அவனுடைய அக்கா இஜ்ஜாவின் பெருமை. அட்லஸ் மலைக்குத் தெற்கே, கோபால்ட் சுரங்கத்தை ஒட்டிய ஊர். ஓய்வு நாளில் ஆண்கள் தங்கள் சொந்தக் குழியைத் தோண்டிப் படிகக் கற்களை எடுத்து விற்பார்கள். குழி எங்கே என்று வெளியாள் கேட்டால் வேறு மலையைக் காட்டுவது வழக்கம். அதை அங்கே யாரும் பொய்யாக நினைப்பதில்லை.

போன வருஷம் தங்கள் ஊர்த் தமர்கூட் மலைக் குழியில், வெங்காயத் தோல் நிறத்தில் மெல்லிய ஊசிகள் அடர்ந்த கற்கள் பாஸ்ஸுவுக்குக் கிடைத்தன. ஒன்றை வாங்கிய, தலைநகர் ரபாத்திலிருந்து வந்த கனிம ஆராய்ச்சிக்காரி துரையா, "எந்த மலை?" என்று கேட்டாள். பழக்கத்தில் எதிர்ப்புறத்து ஊரின் இமிஸ்லான் மலையைக் காட்டினான்.

இப்போது அவள் திரும்பி வந்திருக்கிறாள். உலகில் யாருமே இதுவரை பதிவு செய்யாத கனிமமாம் அது. கிடைத்த இடத்தின் பெயரைத்தான் வைக்கப்போகிறார்களாம். இமிஸ்லானைட்!

பாஸ்ஸு தேநீரைப் பாதியில் கீழே வைத்தான். ஊற்றுத் தண்ணீருக்குக்கூடத் தகராறு செய்யும் இமிஸ்லான்காரர்களின் பெயரா, அவன் கல்லுக்கு?

"அக்கா, உண்மையைச் சொல்லிடவா?"

"சொல்லு. நாளைக்கே சித்தப்பா மகனுங்க சுத்தியலோட உன் குழியில நிப்பானுங்க. நீ பேரை வச்சு ரொட்டி சுட்டுத் தின்னு."

"குழி போனாப் போகட்டும்க்கா. பேராவது நமக்கு நிக்கும்."

சொல்லிவிட்டான். துரையா சிரித்தாள்.

"அண்ணே, விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து ஆளாளுக்கு ஒரு மலை சொல்றாங்க."

"அல்லா மேல சத்தியமா, டாக்டரம்மா!"

"அன்னிக்கும் சத்தியம் பண்ணித்தானே இமிஸ்லானைக் காட்டுனீங்க? பாறையில ஒட்டினபடி துளி காட்டுங்க போதும். பேரை மாத்திடலாம்."

விளக்கோடு இருவரும் குழிக்குள் இறங்கினார்கள். சுவர் மொட்டையாக இருந்தது. அடுத்தவன் மோப்பம் பிடித்துவிடக்கூடாதென்று, போன வருஷமே பாஸ்ஸு கடைசி ஊசிவரை சுரண்டி விற்றுவிட்டு, தடத்தை மண்ணால் பூசியிருந்தான். அந்த வேலையை அவன் அரைகுறையாகச் செய்பவனே இல்லை. குப்புறப் படுத்து நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தான். விரல்தான் கிழிந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்றாள் துரையா. பெயர் பழையபடியே போயிற்று.

அடுத்த சந்தையில் இமிஸ்லான் ஆள் ஒருவன் தக்காளிக் கடையில் வழிமறித்தான். "என்ன பாஸ்ஸு, எங்க கல்லு ஒண்ணு வேணுமா?"

"எடு பாப்போம்!" என்று இஜ்ஜா பாய்ந்தாள். "உங்க மலையில ஒண்ணு இருந்தாக் காட்டுடா!"

அவனிடம் இல்லை, இனி எந்த மலையிலும் இல்லை. பாஸ்ஸுவுக்கு அதுவும் ஆறுதலாக இல்லை.

"வாக்கா, போலாம்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டான்.