செத்துச் செத்துப் பிழைத்த மனுசன்

காஸ் ஹீட்டர் மணமும் ஈரக் கார்ப்பெட் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறிய அந்த ஞாயிறு மத்தியானங்களில், செத்தவர்கள் எல்லாரும் அடுத்த கிழமை திரும்பி வருவார்கள் என்று நான் மனதார நம்பினேன். எட்டு வயதுப் புத்தி. இப்போதும் பெரிதாய் வளர்ந்துவிடவில்லை.

நாங்கள் நாட்டைவிட்டு வந்து சேர்ந்த ரானுயி என்ற வெளிநாட்டுப் புறநகரில், சித்தப்பா வீட்டுத் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் பழைய ஹொலிவுட் கறுப்பு வெள்ளைப் படம் போடுவார்கள். கதாநாயகர்கள் மாறிக்கொண்டிருக்க, நீண்ட முகமும் தொங்கிய காதுமாய் ஒரு துணை நடிகர் மட்டும் எல்லாவற்றிலும் வருவார். ஒரு கிழமை சாராயக் கடைக்காரர், மறு கிழமை வங்கிக் கொள்ளையன், எதுவானாலும் பாதிப் படத்துக்குள் சுடப்பட்டு விழுந்துவிடுவார். "போன கிழமையும் இவர்தானே செத்தவர்?" என்பா அம்மா. "ஓம் அண்ணி, அவற்ற உத்தியோகமே அதுதான்" என்பார் சித்தப்பா. மலையிலிருந்து உருளுவது ஆளில்லை, "பொம்மை" என்று விளக்கியதும் அவர்தான்.

அந்த வருடம், எங்களை அனுப்பிவிட்டு யாழ்ப்பாணத்தில் நின்ற அப்பா ஷெல் குண்டில் போய்விட்டார் என்று தொலைபேசி வந்தது. உடல் கிடைக்காததால் ஐயர் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, பின்வளவில் அலுமினியத் தட்டில் கிடத்தி, என் கையில் நெருப்பைத் தந்தார். நான் சிரித்துவிட்டேன். பொம்மையைத்தானே எரிக்கிறார்கள், அப்பா அடுத்த படத்துக்கு எங்கேயோ வேட்டி மாற்றிக்கொண்டிருப்பார். "பெடியனுக்கு மண்டை பிசகிப்போச்சு" என்று, பக்குரங்காவில் இருந்து செத்தவீட்டுக்கு வந்திருந்த மாமி அழுதா.

பயம் பிறகுதான் பிடித்தது. அடுத்த படத்தில் அந்த நடிகருக்கு வேறு பெயர், வேறு மனைவி, வேறு பிள்ளைகள். அப்பாவும் அப்படி வந்து, எங்களை யாரென்றே தெரியாமல் கடந்து போய்விட்டால்? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர் கையசைத்தபோது நான் போட்டிருந்த சிவப்புச் சட்டையை, அக்குள் கிழியக் கிழிய, ஞாயிறுதோறும் மாட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றேன். "ஏன் ராசா இந்தக் கந்தல்?" என்றா அம்மா. "அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிய வேணுமே." அம்மா கிழிசலைத் தைத்துத் தந்தா.

இப்போது அம்மா இல்லை, அந்த வீடு இல்லை, ஞாயிற்றுப் படமும் இல்லை. எனக்கு அப்பாவைவிட வயது கூடிவிட்டது. சென்ற மாதம் அந்த நடிகரைத் தேடி வாசித்தேன்: ஆயுள் முழுக்கச் சில்லறை வேடங்கள், பெயர்ப்பட்டியலில் கடைசி வரிகள், கிழவராகி ஒரு படப்பிடிப்பின் நடுவே மாரடைப்பு, மிச்சக் காட்சிகளை வேறொருவர் நடித்து முடித்தாராம். கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். "டாட், யூ ஓகே?" என்றாள் மகள் வெளியிலிருந்து. மலச்சிக்கல் என்றேன்.

அப்பா காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன தெருவில் ஷெல் விழுந்து செத்தார். பிறகு அவர் எதிலும் வரவில்லை.