எங்கும் எழுதி வைக்காதவர்

பஞ்சாபகேசன் சார் எங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். அவர் இறந்து பதினாறு நாள் ஆகிறது. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த அறையில் அவரை அறிந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நான்தான்.

நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலோ மழையோ, குடையை விரித்துக்கொண்டு நடந்தே வருவார். அவருடைய அப்பா மீனாட்சி கோயிலில் பாராயணம் செய்தவர். சின்ன வயதில் சித்திரைத் திருவிழாவின் ஒருநாள்கூடத் தவறாமல் மாசி வீதியில் நின்றதாகச் சொல்வார். மற்றபடி சொந்தக் கதை பேசமாட்டார்.

2004 ஆகஸ்டில் மதிப்பெண் பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியது. மதிப்பெண்ணுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஹால் டிக்கெட்டுக்கு இன்னொன்று. மாதம் பிறந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் ஏற்காது. யாரிடமும் சொல்லக்கூடாது, எங்கும் எழுதக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாளே எல்லோரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினோம்.

"அம்புட்டுப் பேரு பாஸ்வேர்டும் எனக்கு மனப்பாடம்ணே" என்பான் அட்டெண்டர் சுருளி. "பஞ்சாபகேசன் சாருது மட்டுந்தேன் சிக்க மாட்டேங்குது."

சார் முதலில் பேரப்பிள்ளைகளின் நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தார். எது யாருடையது என்று குழம்பித் தப்பாகப் போட்டதில், கம்ப்யூட்டர் இரண்டு முறை பூட்டிக்கொண்டது. திறந்து தரச் சொல்லி கம்ப்யூட்டர் அறையில் போய் நின்றார். அவர் மகன் வயதுள்ள ஒருவன், ஒரு சீட்டில் எழுதி வைத்தால் என்ன கேடு என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். கையெழுத்துப் போட்டுவிட்டு எப்படி எழுதுவது என்று சார் திருப்பிக் கேட்டாராம். சுருளி வந்து சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவருக்கு ஒருநாளும் பூட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் அவர் அம்மாவின் திவசம் வந்தது. அன்றுதான் ஹால் டிக்கெட் அச்சாக வேண்டும். முதல் நாள் மாலை என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"விஜய், கம்ப்யூட்டர் வந்து இது ரெண்டாம் மாசம். திருவிழா ரெண்டாம் நாள் அம்பாள் எதில வருவா, சொல்லு?"

"அன்னத்துல, சார்."

"அவ்வளவுதான். மதுரையில பொறந்தவனுக்கு இதுக்கு மேல சொல்லணுமா?"

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. மாதத்துக்கு ஒரு திருவிழா நாள், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு நாள். பிறந்ததிலிருந்து நெஞ்சில் இருக்கும் வரிசை. மறக்கவும் முடியாது, எழுதவும் வேண்டாம். ஊருக்கே தெரிந்த வரிசை அது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அம்பாளின் வாகனம் ஹால் டிக்கெட்டுக்கு என்றால் சாமியின் வாகனம் எதற்கு என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அக்டோபரில், எங்கள் கல்லூரியில் படித்த எங்கள் தெரு ரம்யாஸ்ரீ ஒரு பாடத்தில் அகமதிப்பெண் குறைந்து நின்றாள். என் அக்கா கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவளுடைய அப்பா. அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் சௌராஷ்டிர பாஷையில், மகள் ஒரு வருடம் வீணாகப்போகிறாள் என்று அழுதார், அவ்வளவுதான். நான்தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பெரிய மனிதனாகிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் மதிய உணவு வேளை. சார் பின்னறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாமிக்குக் கைலாச பர்வதம். முதல் தடவையிலேயே திறந்தது. பதினொன்றைப் பதினேழாக்கினேன்.

பாடம் எடுத்த அம்மையார் தம் குறிப்பேட்டோடு ஒப்பிட்டதில் இரண்டே வாரத்தில் அகப்பட்டது. கம்ப்யூட்டர் சாரின் பெயரைக் காட்டியது. தாளாளர் அறையில் விசாரணை. ரம்யாஸ்ரீக்கும் எனக்கும் பழக்கம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கேள்வி பதிலை எழுத என்னையே உட்கார வைத்தார்கள்.

எங்காவது எழுதி வைத்திருந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். யாரிடமாவது சொன்னீர்களா?

சார் என் பக்கம் திரும்பவில்லை. "யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதை என் கையாலேயே எழுதினேன். மற்றவர்களைப்போல ஒரு சீட்டு வைத்திருந்தால், யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம் என்று தப்பியிருப்பார். எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை என்றால் செய்தவர் அவரேதான் என்று முடிந்தது. போலீஸுக்குப் போகாமல் இருக்க ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. அந்தப் பெண் எப்படியும் மறுவருடம்தான் தேறினாள். சாரின் நாற்காலி எனக்கு வந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஸ்யாமளா மாமி காய்கறி வாங்க வெளியே போயிருந்தார். நான் வாயைத் திறந்ததுமே சார் கையை உயர்த்தினார்.

"சொல்லாதே. உங்கிட்ட சொன்னது என் தப்பு, அது போதும். நீ சொல்லிட்டா நான் ஸ்யாமளாகிட்ட சொல்லியாகணும். அவளுக்குத் தெரிஞ்சா நீ வேலையில இருக்க முடியாது."

எனக்குத் தேவையாயிருந்தது அந்த ஒரு சொல்தான். பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாமி வரும்வரை உட்கார்ந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அவர் உயிரோடு இருந்தார். அவர் தெருவில் அவரைக் காசுக்கு மார்க் போட்ட காரியக்காரர் என்றுதான் பேசிக்கொண்டார்கள் என்று சுருளி சொல்லித் தெரியும்.

இன்று துக்கம் விசாரிக்கப் போனேன். மாமி பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எங்கிட்ட எல்லாம் சொல்வார். அதைப் பண்ணினது யாருன்னு மட்டும் சொல்லவே இல்லை. உனக்காவது தெரியுமா?" என்றார்.

"நான்தான் மாமி."

மாமி அழவில்லை.

"அவர் போனப்புறம்தான் உனக்கு வாய் வந்ததா?"

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன? காலேஜுக்கு எழுதிக் கொடு. உன் பேரைப் போட்டு எழுது. எனக்கும் ஒரு பிரதி வேணும், இந்தத் தெருவில நாலு பேர்கிட்ட காட்டணும்."

எழுதிவிட்டேன். தேதி, நேரம், செய்தது, என் கையெழுத்து எல்லாம் சேர்த்து ஆறு வரிதான் வந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அதில் இடம் இல்லாததால் இதையும் எழுதினேன். விடிந்ததும் முதலில் மாமியிடம் போவேன். அவர் படித்து, சரி என்று சொன்ன பிறகு கல்லூரிக்கு.